தென் சூடானுக்கு நிவாரணப் பணிக்குச் செல்கிறேன்: முதல் மாதங்களை எப்படி எதிர்கொள்வது?

குடியாத்தம் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் குடியாத்தம். வேலூரில் உள்ள ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சில ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். சர்வதேச மருத்துவ உதவி நிறுவனம் ஒன்று, தென் சூடானின் வடபகுதியில் தான் நடத்தும் மருத்துவமனையின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு ஒன்பது மாத ஒப்பந்தத்தில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. விசா, தடுப்பூசி, சான்றிதழ் ஆகியவை பற்றி நிறுவனமே பட்டியல் அனுப்பிவிட்டது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றை அறியவே இங்கு எழுதுகிறேன். அங்கே எப்படித் தங்க வைப்பார்கள், இருட்டிய பிறகு என்ன செய்வார்கள், உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களிடம் எப்படிப் பழகுவது, அந்த இடம் மனத்துக்குப் பழக எவ்வளவு காலம் ஆகும் என்பனவற்றை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போன செவிலியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சண்டை நடக்கும் நாட்டுக்கு எதற்காகப் போகிறாய் என்று அம்மா கேட்கிறார். அதற்கும் என்னிடம் ஒழுங்கான விடை இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் இராணிப்பேட்டைக்காரன். குடிநீரையும் கழிப்பிடத்தையும் கவனிக்கும் பொறியாளராக உகாண்டாவின் பிடிபிடி அகதி முகாமிலும், பிறகு தென் சூடானிலும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற விடைகளை எழுதுகிறேன்.

தங்குமிடத்தைக் ‘காம்பவுண்டு’ என்றே எல்லோரும் சொல்வார்கள். வேலி அல்லது சுவர் சூழ்ந்த ஒரு வளாகத்துக்குள் கூரை வேய்ந்த வட்டக் குடிசைகளோ கூடாரங்களோ வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று உங்களுடையது. கழிப்பறையும் குளியலறையும் பொது. சாப்பிடும் இடமும் பொது. இருட்டுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும், எங்கு சென்றாலும் ரேடியோவில் தெரிவிக்க வேண்டும், வண்டியைத் தன் விருப்பத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று விதிகள் இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் தனிமை வாட்டுமோ என்று அஞ்சுகிறார்கள்; என் அனுபவத்தில், தனிமை கொஞ்சமும் கிடைக்காததுதான் அதிகம் வாட்டியது. பகலில் உங்களைக் கேள்வி கேட்ட மேலாளர் இரவில் உங்களுக்கு எதிரே அமர்ந்து சாப்பிடுவார். வார்டில் உங்களோடு கருத்து வேறுபட்ட மருத்துவர் காலையில் குளியலறை வாசலில் வாளியுடன் நிற்பார். எனவே நாளில் ஒரு மணி நேரமாவது யாருடனும் பேசாமல் இருக்க ஒரு வழியைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நான் வேலியின் உட்புறமாகவே சுற்றிச் சுற்றி நடப்பேன். காவலர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மழைக்காலம் ஏறத்தாழ மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை நீடிக்கும். அங்குள்ள களிமண் நனைந்துவிட்டால் சாலை என்று ஒன்று இருக்காது. மண் ஓடுபாதை ஈரமாகிவிட்டால் விமானமும் இறங்காது. மருந்தும் கடிதமும் காய்கறியும் விடுப்பில் போக வேண்டியவரும் ஒருசேரக் காத்துக் கிடப்பது வழக்கமான காட்சி. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நடத்தும் விமானத்தில்தான் பெரும்பாலும் உள்ளே போவீர்கள். அதில் 20 கிலோவுக்கு மேல் பெட்டி எடுத்துச் செல்ல முடியாது. நைரோபி வழியாகப் போவதானால், கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை உள்ளது என்பதை நினைவில் வையுங்கள்; ஊறுகாயையும் பொடிகளையும் கேரி பேக்கில் சுற்றாமல் டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். டாலர் தாள்கள் மடிப்போ மைக்கறையோ இல்லாமல், 2009ஆம் ஆண்டுக்குப் பிந்தையவையாக இருக்கட்டும். பழைய தாள்களைப் பல கடைகளில் வாங்க மாட்டார்கள்.

இவையெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. இங்கே நீங்கள் செவிலியர். நோயாளியின் படுக்கையருகில் நின்று உங்கள் கையால் வேலை செய்கிறவர். அங்கே பெரும்பாலும் உங்களை மேற்பார்வையாளராகத்தான் அமர்த்துவார்கள். முறைப் பட்டியல் போடுவது, மருந்து இருப்பை எண்ணுவது, மாதக் கணக்கு அனுப்புவது, பல ஆண்டுகளாக அதே வார்டில் வேலை பார்க்கும் உள்ளூர்ச் செவிலியர்களுக்குப் ‘பயிற்சி’ கொடுப்பது என்று உங்கள் நாள் கழியும். அவர்களில் பலர் தீவிர ஊட்டக் குறைவுள்ள குழந்தைகளை உங்களைவிடப் பல மடங்கு பார்த்தவர்கள். அவர்களுக்கு மேலே உங்களை உட்கார வைப்பது உங்கள் அறிவைவிட அதிகமாக உங்கள் ஒப்பந்தத்தின் வகைதான். இதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அங்கே காலூன்றுவது எளிது என்பது என் எண்ணம்.

குடியாத்தம் செவிலி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. மேற்பார்வை வேலை என்பதை நேர்காணலிலும் சொன்னார்கள். ஆனால் அதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. உணவைப் பற்றியும் கொஞ்சம் எழுத முடியுமா? சிறிய விஷயம்தான், ஆனாலும் அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

பாலாற்றங்கரை எழுதியது:

சிறிய விஷயம் என்று சொல்லாதீர்கள். சோறு, பருப்பு, பீன்ஸ், சப்பாத்தி, ஆட்டிறைச்சி ஆகியவை வாரம் முழுவதும் சுழன்று வரும். உள்ளூர்க்காரர்கள் சோள மாவைக் கிண்டி ‘அசீதா’ செய்வார்கள். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்காது, தொட்டுக்கொள்ள மட்டும் கீரையோ வெண்டைக்காய்க் குழம்போ வரும். புளி, பெருங்காயம், மிளகாய்ப் பொடி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நைரோபியின் பார்க்லேண்ட்ஸ் பகுதியில் இந்தியக் கடைகள் இருப்பதால் விடுப்பில் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். கருவாட்டை மட்டும் யோசித்து எடுத்துச் செல்லுங்கள். பொதுச் சமையலறையில் அதை வறுத்த ஒருவரைப் பற்றி ஐரோப்பிய சக ஊழியர்கள் பாதுகாப்பு அதிகாரியிடமே முறையிட்டது எனக்குத் தெரியும். அந்த ஒருவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

காட்பாடிக்காரன் எழுதியது:

நிவாரணப் பணி என்றால் எல்லா இடமும் மேலே சொன்னதைப் போலவே இருக்கும் என்று மற்ற வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பொருள் வழங்கல் பிரிவில் பங்களாதேசின் காக்ஸ் பஜாரில் வேலை செய்தேன். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை கடந்து வந்த பகுதி அது. பணியாளர்கள் தங்குவது கடற்கரைச் சுற்றுலா நகரத்தில். காலையில் உக்கியா மலைச்சரிவுகளில் மூங்கிலாலும் தார்ப்பாயாலும் ஆன குடில்களுக்கு இடையே நின்றுவிட்டு, மாலையில் முகாமை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதிப்படி வண்டியேறித் திரும்பினால், விடுதியின் வாசலில் தேனிலவுக்கு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வேலிக்குள் அடைபட்டிருப்பதைவிட இந்த அன்றாடப் போக்குவரத்துத்தான் சிலருக்குக் கடினமாக இருந்தது.

வேலூர்க்காரர்களுக்கு அங்கே ஒரு வசதி உண்டு. காந்தி சாலையிலும் அதைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வங்காளிகளோடு பழகி வளர்ந்தவன் நான். கடைப்பலகையில் எழுதியிருந்த வங்க எழுத்தும், அரைகுறையாகக் கற்ற பேச்சும் அங்கே எனக்குக் கைகொடுத்தன. சகோதரி, பொதுமொழி இல்லாத தாயிடம் குழந்தையின் நிலையை விளக்குவது உங்களுக்கு அன்றாட வேலையாக இருந்திருக்கும். அது சிறிய பயிற்சி அன்று.

மலையடிவாரம் எழுதியது:

மாற்றுக் கருத்துக்கு இடம் இருந்தால் ஒன்று கேட்கிறேன். 2023ஆம் ஆண்டில் நம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் பெற்ற தாயே சுமந்து நடந்ததை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். ஜவ்வாது மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளை இன்றும் டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். வேலூரில் பயின்ற செவிலியர் ஒருவர் ஆப்பிரிக்காவுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் ‘சேவை’ என்ற பெயரில் போகும்போது, அரை நாள் பயணத்தில் இருக்கும் மலைக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லக் கடமை இருக்கிறது. வெளிநாட்டு முத்திரை, வெளிநாட்டு அனுபவச் சான்றிதழ், அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் வேலை என்பதுதான் நோக்கம் என்றால் அதை நேராகச் சொல்லிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பாகாயம் மருத்துவர் எழுதியது:

ஓய்வுபெற்ற மருத்துவன் நான். மலையடிவாரத்து நண்பரின் கேள்வி கூர்மையானது. அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனினும் துன்பங்களைத் தராசில் வைத்து, எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்கே முதல் உரிமை என்று சொல்லத் தொடங்கினால், நம் ஊர் மருத்துவ வரலாறே எழுதப்பட்டிருக்காது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் என்றாலும் அமெரிக்கக் குடும்பத்தவர், படித்ததும் அங்கேதான். அவர் தம் நாட்டு ஏழைகளைக் கவனிக்கட்டும் என்று நம் பாட்டிகள் சொல்லவில்லை.

ஆனால் அந்த எடுத்துக்காட்டை நான் கொண்டுவருவதற்கு இன்னொரு காரணம் உண்டு; அது இந்தச் செவிலியருக்கு வசதியான காரணம் அன்று. 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அவர், 1960இல் கொடைக்கானலில் இறக்கும்வரை இந்த மண்ணையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கி, தமக்குப் பிறகு வேலையைச் செய்ய உள்ளூர்ப் பெண்களை உருவாக்கினார். இன்றைய நிவாரணப் பணியோ ஒன்பது மாதம், ஓராண்டு என்ற துண்டுகளாக நடக்கிறது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன: களைப்பு, பாதுகாப்பு, குடும்பம். ஆனால் ஒன்பது மாதத்தில் முதல் மூன்று மாதம் இடம் பழகவும், கடைசி ஒரு மாதம் மூட்டை கட்டவும் போய்விட்டால் எஞ்சுவது என்ன என்று போகும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலேரியா நமக்குத் தெரியாத நோயா என்ற எண்ணம் இங்கிருந்து போகிறவர்களிடம் உண்டு. அங்கே பெரும்பான்மை ஃபால்சிபாரம் வகை; சில நாட்களில் உயிரைக் குடிக்கக்கூடியது. வேலூரில் பிறந்து வளர்ந்ததால் அதற்கு எதிர்ப்பாற்றல் எதுவும் வந்துவிடாது. தடுப்பு மாத்திரையைத் தவறாமல் உண்ணுங்கள். மெஃப்ளோகுவின் சிலருக்குக் கெட்ட கனவையும் மனக்கலக்கத்தையும் தரும் என்பதால், மனஅழுத்தம் மிகுந்த வேலைக்குப் போகிறவர்கள் மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். டாக்சிசைக்ளின் எடுத்தால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். திரும்பி வந்த பின் காய்ச்சல் கண்டால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமாக எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்து ஒரு நாள் வீணாகும்.

மேல்மொணவூர்க்காரன் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நிவாரணப் பணியாளன் அல்லன். வரிசையின் மறுபக்கத்தில் நின்று வளர்ந்தவன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. நான் சிறுவயதைக் கழித்தது வேலூர் மேல்மொணவூர் முகாமில். 2021இல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்று அறிவித்து, புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது. நான் சொல்வது அதற்கு நெடுங்காலம் முந்தையது. எங்கள் முகாம் அரசு நடத்தியது, நீங்கள் போகும் இடம் வேறு என்பதை அறிவேன். ஆயினும் வரிசை எங்கும் வரிசைதான்.

நீங்கள் அந்த இடத்துக்குப் பழகுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கே உள்ளவர்கள் உங்களுக்குப் பழக வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு உதவ வந்தவர்கள் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவரும் கையில் புதிய படிவத்தோடு வந்து, எந்த ஆண்டு வந்தீர்கள், எந்தக் கடற்கரையில் இறங்கினீர்கள், வழியில் யாரை இழந்தீர்கள் என்று என் பாட்டியிடம் முதலிலிருந்து கேட்பார்கள். அவரும் முதலிலிருந்து சொல்வார். சொல்லி முடித்த நாளில் அவர் சாப்பிட மாட்டார். கேட்டவருக்கு அது ஒரு படிவம். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே படிவத்தோடு வருவார். பழைய படிவங்கள் எங்கே போயின என்று நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையிடம் கேட்டிருக்கிறேன், அவருக்கும் தெரியவில்லை.

எனவே அங்கே போனதும் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, உங்களுக்கு முன் இருந்தவர் எழுதி வைத்ததைப் படிப்பது. எதையும் ஒரு தாயிடம் கேட்கும் முன், அந்த விவரம் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறதா, உள்ளூர்ப் பணியாளர் ஒருவருக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

பணக்கொடை வாங்கவும் ரேஷன் வாங்கவும் நிற்கும்போது நாங்கள் எதைக் கவனிப்போம் தெரியுமா? கொடுப்பவரின் முகத்தைவிட அவருடைய பேனாவை. பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுகிறாரா, அல்லது தமக்கு வந்தபடி எழுதிவிட்டு அடுத்த மாதம் ‘இந்தப் பெயரில் ஆளில்லை’ என்று திருப்பி அனுப்பப் போகிறாரா என்று பார்ப்போம். பொருள் தீர்ந்துவிட்டால் உடனே வெளியே வந்து தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவரை மதிப்போம்; வெயிலில் நிற்க வைத்துவிட்டு மாலையில் சன்னலை மூடுகிறவரை மறக்க மாட்டோம். படம் எடுப்பவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் தட்டோடு நிற்கும் தன் படத்தை யாரும் சுவரில் மாட்டி வைக்க விரும்புவதில்லை.

மலையடிவாரத்தாரின் கேள்விக்கு என் பங்காக ஒன்று. எங்களுக்கு உதவ வந்தவர்களிடம் நீங்கள் ஏன் உங்கள் ஊரில் இதைச் செய்யவில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எப்போது போவீர்கள் என்றுதான் கேட்டோம்.

குடியாத்தம் செவிலி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா உங்கள் பாட்டியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மலையடிவாரத்தாருக்கு: வெளிநாட்டு அனுபவம் பிற்காலத்தில் பயன்படும் என்ற எண்ணம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய்யாகும். அது மட்டுமே காரணம் என்றால் குவைத்துக்கே போயிருப்பேன். எங்கள் பிரிவில் ஒரு குழந்தைக்கு மூன்று மருத்துவர்களும் கண்காணிப்புக் கருவியும் இருக்கின்றன. கைச்சுற்றளவை அளக்கும் ஒரு நாடாவையும் ஒரு தராசையும் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் என்னால் வேலை செய்ய முடியுமா என்று அறிய விரும்புகிறேன். இதைச் சேவை என்று நானாகச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையைப் பற்றி நீங்கள் கேட்டது மனத்தில் நிற்கிறது. அதற்கு இன்று என்னிடம் விடை இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

அந்த நாடாவைப் பற்றி நீங்களே குறிப்பிட்டதால் சொல்கிறேன். மேற்கையின் நடுச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தீவிர ஊட்டக் குறைவு என்பது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அளவுகோல். நாடாவில் அது சிவப்பு. 115 இருந்தால் மஞ்சள். 500 கலோரி தரும் நிலக்கடலைப் பசைப் பொட்டலம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போகலாம், அல்லது வேறு திட்டத்துக்கு அனுப்பப்படலாம். அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத் தாய்மார்கள் உங்களிடம் வாதாடுவார்கள். விதியை அவர்களுக்கு விளக்கிச் சொல்லப் போவது நீங்கள் அல்லர், உங்கள் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பணியாளர்தான். மாலையில் அதே கிராமத்துக்குத் திரும்பிப் போய், அதே தாய்மார்களின் பக்கத்துக் குடிசையில் படுப்பவரும் அவர்தான். எனவே கடுமையான முடிவுகளை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெளிநாட்டு அம்மா சொல்லிவிட்டார்’ என்று சொல்ல அவருக்கு வழி விடுங்கள். அங்கே உங்கள் அந்நியத்தன்மைக்கு இருக்கும் மிகச் சிறந்த பயன் இதுதான்.

என் துறையிலும் அப்படித்தான். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின்படி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். அதாவது நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் ஒன்று. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த வேலூர் மாவட்டத்துக்காரனுக்கு அந்த எண் காகித எண் அன்று. அதனால்தான் வரிசையில் சண்டை வந்தபோது என்ன நடக்கிறது என்று எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. யாரைச் சமாதானப்படுத்துவது என்பதற்கு மட்டும் அவர் தேவைப்பட்டார்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலைமை மோசமானால் வெளிநாட்டுப் பணியாளர்களை விமானத்தில் வெளியேற்றுவார்கள். உள்ளூர்ப் பணியாளர்கள் பெரும்பாலும் அங்கேயே இருப்பார்கள். உலகெங்கும் தாக்கப்பட்டு உயிரிழக்கும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் தத்தம் நாட்டிலேயே வேலை செய்பவர்கள். 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்டதன் நினைவாக அந்த நாளை உலக மனிதநேய நாள் என்று கொண்டாடுகிறோம். மேடையில் பேசப்படும் பெயர்களில் உள்ளூர் ஓட்டுநர்களும் காவலர்களும் அரிதாகவே வருவார்கள். வெளியேற வேண்டிய நேரம் வந்தால் உங்கள் நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது, முன்கூட்டியே சம்பளம் தருகிறதா, குடும்பத்தோடு வேறிடம் போக உதவுகிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். கேட்பதால் ஏற்பாடு மாறிவிடாது. ஆனால் கேட்டவர் யார் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

விடுப்பு முறை இருக்கும். ஆர் அண்ட் ஆர் என்பார்கள். முதல் முறை வரும்போது எனக்குத் தேவையில்லை, வேலை இருக்கிறது என்று தோன்றும். போய்விடுங்கள். களைப்பை முதலில் அறிபவர் நீங்கள் அல்லர். உங்கள் எரிச்சலைத் தாங்குபவர்கள்.

ஆற்காட்டுத் தந்தை எழுதியது:

அம்மா, நான் தொழில் தெரிந்தவன் அல்லன். என் மகன் நிவாரண நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறான்; உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். முடிந்தால் இதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கிளம்பும் முன் அவன் நிரப்பிய படிவங்களில் ஒன்றை நான் பார்த்துவிட்டேன். தான் மட்டுமே விடை சொல்லக்கூடிய சில கேள்விகளை எழுதித் தருமாறு அதில் கேட்டிருந்தார்கள். யாராவது கடத்திக்கொண்டு போனால், உயிரோடு இருக்கிறானா என்று உறுதிசெய்ய அந்தக் கேள்விகள் பயன்படுமாம். அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மனைவியிடம் சொல்லவும் இல்லை. பிறகு யோசித்தபோது, இவ்வளவு தூரம் முன்கூட்டி எண்ணிப் பார்க்கிற இடத்தில் பிள்ளை இருக்கிறான் என்பது ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு இதை நீங்களே முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. மேசையில் கிடக்கும் தாளிலிருந்து அவர் அறிய வேண்டாம்.

தினமும் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அங்கே இணையம் இரண்டு நாள் நின்றுவிட்டால் இங்கே வீடு இழவு வீடாகிவிடும். வாரத்தில் இன்ன நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென் சூடானில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னே இருக்கும் என்பதால், இங்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம் அங்கே மாலை. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று நிறுவனம் தரும் எண்ணை அம்மாவிடம் தந்துவிட்டு, செய்தித் தொலைக்காட்சியில் அந்த நாட்டின் பெயர் வரும்போதெல்லாம் அந்த எண்ணை அழைக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி இன்னும் நடக்கவில்லை.

உறவினர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று எங்களிடமே கேட்டவர்கள் உண்டு. பெண்பிள்ளை என்றால் இதைவிட அதிகமாகக் கேட்பார்கள். அந்தப் பேச்சையெல்லாம் உங்களிடம் கொண்டுவராமல் வாசலிலேயே நிறுத்துவது உங்கள் அம்மாவின் வேலை. அது நீங்கள் செய்யப்போகும் வேலையைவிட எளிது என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

மலையடிவாரம் எழுதியது:

சகோதரியின் நேர்மையான விடைக்கு நன்றி. என் கருத்து மாறவில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். திரும்பி வந்த பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? கருவி இல்லாமல் குழந்தைகளைக் காப்பாற்றப் பழகியவரை நகர மருத்துவமனை பழைய இடத்திலேயே உட்கார வைத்துவிடும் என்றால் அந்தத் திறமை யாருக்குப் பயன்படும்?

பாகாயம் மருத்துவர் எழுதியது:

நல்ல கேள்வி. 1977 முதல் கீ.வ.குப்பத்தில் நடந்துவரும் ரூசா போன்ற கிராமிய நலத் திட்டங்களில் அப்படிப்பட்டவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் திரும்பி வருகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை என்பதும் உண்மை. ஒரு பணி முடிந்ததும் அடுத்த நாட்டுக்கு அழைப்பு வருகிறது. அதை மறுப்பது கடினமாகிவிடுகிறது. செவிலியர் அவர்கள் திரும்பி வந்ததும் இங்கே எழுதினால், மலையடிவாரத்தாரும் நானும் அவரை ஒருநாள் மலைக்கு அழைத்துச் செல்லத் தயார்.

குடியாத்தம் செவிலி எழுதியது:

அவசியம் வருகிறேன் ஐயா. எனக்கு முன் அந்தப் பணியில் இருந்தவரின் மின்னஞ்சலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிவிட்டேன்; அவருடைய ஒப்படைப்புக் குறிப்பும் வந்துவிட்டது. அதில் பெரும்பகுதி மருந்து இருப்பைப் பற்றியது. கடைசிப் பக்கத்தில் மட்டும், எதையும் மாற்றும் முன் இரவு முறைப் பொறுப்பாளரிடம் கேட்கவும், அவர் மறுத்தால் காரணத்தையும் கேட்கவும் என்று எழுதியிருக்கிறார். அம்மா இன்னும் சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் மிளகாய்ப் பொடி அரைக்கக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக இரண்டு சந்தேகங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ள எண்ணுகிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு போட்டால் போதுமா? என் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற வகை இருக்கிறது. அப்படியானால் வேறு அனுமதி எதுவும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாலாற்றங்கரை எழுதியது:

ஒரு வாரம் போதாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும் என்பதால் மீண்டும் போட வேண்டியதில்லை. மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். அங்கே போகும்போது மட்டுமன்றி, இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

இரண்டாவதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் தென் சூடானும் ஒன்று. அந்த நாடுகளுக்குப் பணிக்குச் செல்லும் செவிலியர்களுக்கு, பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும், 2015 முதல் தனி விதி இருக்கிறது. உங்கள் ஒப்பந்த வகைக்கு அது பொருந்துமா என்று சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்த நகலைக் காட்டிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு விமானச் சீட்டின் தேதியை உறுதி செய்யச் சொல்லுங்கள்.